தாவாவிலிருந்து சண்டாக்கான் எவ்வளவு தூரம்

யோகேந்திரன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று தோட்டத்தில் சொல்வார்கள். அது சுத்தப் பொய். லோரி ஓட்டும்போது உட்கார்ந்துதான் ஓட்டுகிறார். மற்ற நேரத்தில்தான் அவருக்கும் நாற்காலிக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் செம்பனைத் தோட்டம் அது. வெட்டிப் போட்ட குலைகளை லோரியில் ஏற்றி எண்ணெய் ஆலையில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவது அவர் வேலை. ஆலை வாசலில் எடை போட லோரிகள் வரிசை கட்டி நிற்கும். மற்ற டிரைவர்கள் சீட்டைச் சாய்த்துக் குறட்டை விடுவார்கள். இவர் இறங்கி, முன்னால் நிற்கிற லோரியின் டயரை உதைத்துப் பார்ப்பார். பிறகு பின்னால் நிற்கிற லோரியின் டயர். யாருடைய டயர் என்ன நிலைமையில் இருந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. காலுக்கு ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

லுக்குட்டில் மதார் மைதீன் சாப்பாட்டுக் கடையிலும் அதே கதை. தேத்தண்ணீரை நின்றுகொண்டே குடிப்பார். ரொட்டி சானாயை நின்றுகொண்டே பிய்ப்பார். மதார் மைதீன் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏம்ப்பா, நாற்காலிக்குத் தனியா காசு வாங்குறேன்னு எவனாவது சொன்னானா?"

"இல்ல பாய், இப்பவே கெளம்பணும்."

"இதையேதான் முக்கால் மணி நேரமா சொல்லிக்கிட்டு நிக்கிற."

தோட்டத்துக்கு மேலே நாள் முழுக்க விமானங்கள் போகும். சிப்பாங் விமான நிலையத்தில் இறங்கப் போகிறவை. வயிறு தெரிகிற உயரத்தில் வரும். யோகேந்திரன் அவற்றுக்குக் கீழேயே பிறந்து, கீழேயே லோரி ஓட்டக் கற்று, கீழேயே ரதியைக் கல்யாணம் செய்துகொண்டவர். ஒன்றில்கூட ஏறியதில்லை. ஏறினால் உட்கார வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அவருடைய தங்கை குமுதவல்லி ஏறிப் போனாள். ஆசிரியை வேலை கிடைத்து, கடல் தாண்டி, சபாவில் சண்டாக்கான் பள்ளிக்குப் போட்டார்கள். அவள் புருஷன் தர்மேந்திரனும் வேலையை அங்கே மாற்றிக்கொண்டார். அம்மாவும் அப்பாவும் முன்பே காலமாகிவிட்ட குடும்பம். அதனால் குமுதாவுக்குத் தாய்வீடு என்றால் அது யோகேந்திரன் ஒருவர்தான். அவரும் தங்கையைப் பார்க்கப் போகவே இல்லை. கேட்டால் சொல்வார்: "சபா என்னா பெரிய தூரம்? ப்ளேன்ல ஏறுனா ரெண்டே முக்கால் மணி நேரம். நெனச்சா போய்டலாம்லா." ஆறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்படியிருக்கும்போதுதான் குமுதா போன் செய்தாள்.

"அண்ணே, பாப்பா கயலுக்குக் காது குத்தப் போறோம். நீதான் மடியில வச்சுக்கணும். தோடும் நீதான் கொண்டாரணும்."

"பின்ன வேற யாரு? நாந்தான தாய்மாமன்."

போனுக்குள்ளே யாரோ குசுகுசுத்தார்கள். பிறகு பின்னாலிருந்து தர்மேந்திரனின் குரல், வேண்டுமென்றே உரக்கச் சொன்னது: "குத்தி முடியற வரைக்கும் மச்சான் ஒக்காந்திருப்பாரான்னு கேளு."

குமுதா சிரிக்கவில்லை. யோகேந்திரனும் சிரிக்கவில்லை. ஏனென்று இரண்டு பேருக்கும் தெரியும்.

குமுதாவின் கல்யாணம் அம்பாங்கான் மண்டபத்தில் நடந்தது. அண்ணன்காரன் மணவறையில் இருந்து தங்கை கையில் பொரி அள்ளிப் போடும் சடங்கு. ஐயர் கூப்பிடுகிறார், அண்ணன் இல்லை. சற்று முன்புதான் இங்கே நின்றான் என்கிறார்கள். மண்டபத்துக்குப் பின்புறம் ஐஸ் கொண்டுவந்த லோரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் முட்டிக்கொண்டு நின்றது. யோகேந்திரன் பட்டு வேட்டியோடு அதற்குக் கைகாட்டிக்கொண்டிருந்தார். "வா, வா, ஒடி, ஒடி, போதும்!" லோரி அழகாக உள்ளே வந்தது. அவர் கையைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தபோது, தூரத்துச் சொந்தமான ஆறுமுகம் பொரியை அள்ளிப் போட்டு முடித்திருந்தார். கல்யாணப் படத்தில் இன்றைக்கும் அந்த இடத்தில் ஆறுமுகம்தான் பல்லைக் காட்டிக்கொண்டு இருக்கிறார். குமுதா இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. திட்டித் தீர்த்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒக்காருவேன்னு சொல்லு மாப்ளகிட்ட," என்றார் யோகேந்திரன்.

"அண்ணே, அன்னைக்கு சாயந்திரம்தான் ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸி வருவாங்க. காது குத்துறது அவங்கதான். அவங்களுக்கு நைட் ஷிப்ட்டு, ஆறு மணிக்குள்ள கெளம்பிடுவாங்க. இங்க எங்க ஸ்கூல்ல சன்னாசி சார்னு கெடா பக்கத்து ஆளு ஒருத்தர் இருக்காரு. நீ வரலன்னா அவரையே மாமன் முறைக்கு ஒக்கார வச்சிடலாம்னு இவரு சொல்றாரு."

"அவரு நல்லா ஒக்காருவாரா?"

"ஒக்காந்தா எந்திரிக்கவே மாட்டாருண்ணே."

அந்தச் சன்னாசி சாரை யோகேந்திரன் பார்த்ததே இல்லை. இருந்தாலும் அந்த நிமிடமே பிடிக்காமல் போய்விட்டது.

டிக்கெட் எடுத்தது மதார் மைதீன் கடையில்தான். கல்லாவில் இருக்கும் அவருடைய மகன் முபாரக்கிற்குப் போனில் இதெல்லாம் அத்துப்படி. பக்கத்தில் இன்னொரு லோரிக்காரர் தர்மராஜ், யோசனை சொல்வதற்கென்றே உட்கார்ந்திருந்தார்.

"சண்டாக்கான் ஃபுல்லுண்ணே, ஸ்கூல் லீவு," என்றார் முபாரக். "தாவாவுக்கு இருக்கு. காது குத்துற அன்னைக்குக் காலைல போற ப்ளேனு."

"தாவாவ் எங்க இருக்கு?"

"அதுவும் சபாதான்."

முபாரக் போனில் வரைபடத்தைக் காட்டினார். யோகேந்திரன் இரண்டு ஊருக்கும் நடுவில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். நகம் சரியாகப் பொருந்தியது.

"ஒரே நெகிரிதான?" என்றார், ஒரே மாநிலம்தானே என்ற அர்த்தத்தில். "நம்ம நெகிரில இந்த மூலை லுக்குட்டு, அந்த மூலை தம்பின். குலையோட போனாலும் ஒன்றரை மணி நேரம். என்னா பெரிசு?"

"அது கொஞ்சம் பெரிய நெகிரிப்பா," என்றார் மதார் மைதீன், எதையும் யோசித்துச் சொல்கிறவர். "ரெண்டு மணி நேரம்னு வச்சுக்க."

"கார்ல போனா அதுகூட ஆவாது," என்றார் தர்மராஜ்.

வரைபடம் கையில்தான் இருந்தது. தட்டியிருந்தால் எத்தனை கிலோமீட்டர் என்று அதுவே சொல்லியிருக்கும். ஆனால் மூன்று பெரிய மனிதர்கள் ஒரு விஷயத்தை ஒரே மாதிரி சொல்லும்போது போனைப் போய் யார் கேட்பார்கள்? நெகிரி செம்பிலானில் வளர்ந்தவர்களுக்கு ஒரு நெகிரி என்றால் அவ்வளவுதான். காலையில் இந்தப் பக்கம் புறப்பட்டால் பசியெடுக்கும் முன் அந்தப் பக்கம் வந்துவிடும். தாவாவில் பத்து மணிக்கு இறங்கி, இரண்டு மணி நேரம் காரில் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குத் தங்கை வீட்டில் இருப்பதாகக் கணக்குப் போட்டார்கள். போகவும் வரவும் முபாரக் டிக்கெட் எடுத்தார். தாவாவ் என்று குமுதாவிடம் சொல்ல வேண்டாம், வாசலில் போய் நின்று பயமுறுத்தலாம் என்பது தர்மராஜின் யோசனை.

புறப்படுவதற்கு முதல் நாள் யோகேந்திரன் புதுச் சப்பாத்து போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். விமானத்துக்கென்றே லுக்குட்டில் வாங்கியது. வெள்ளை. கயிறு வைத்தது.

"ஒக்காருய்யா, சப்பாத்த நல்லா பாக்கறோம்," என்றார் தர்மராஜ். பெருமையில் யோகேந்திரன் உட்கார்ந்துவிட்டார். அது தப்பு. மேசைக்கு அடியில் தர்மராஜ் என்ன செய்தார் என்பது, "சரி, கெளம்பணும்" என்று யோகேந்திரன் எழுந்தபோதுதான் தெரிந்தது. இரண்டு சப்பாத்தின் கயிற்றையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார். யோகேந்திரன் மேசையைப் பிடித்தார், மேசை அவரைப் பிடிக்கவில்லை. இரண்டு தேத்தண்ணீரும் ஒரு தட்டுக் குழம்பும் தரையில்.

"பாத்தியா," என்றார் தர்மராஜ், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு, "இப்படிக் கட்டுனாத்தான் நீ ஒரு எடத்துல இருப்ப!"

வீட்டில் ரதிக்கு லீவு கிடைக்கவில்லை. தோட்டை ஒரு சின்னப் பையில் போட்டு, அவருடைய சட்டைப் பைக்குள் வைத்து ஊசியால் தைத்துவிட்டாள்.

"ஒங்கள அனுப்புறதுக்குத் தோட்ட கூரியர்ல போட்டிருக்கலாம்," என்றாள். "அது வச்ச எடத்துல இருக்கும்."

"ரெண்டே முக்கால் மணி நேரம்டி. கண்ண மூடித் தொறந்தா சபா."

கண்ணை மூடவும் இல்லை, அவ்வளவு சீக்கிரம் சபா வரவும் இல்லை. விமானத்தில் நடு சீட். இடது பக்கம் ஒருவர் தூங்கிவிட்டார், வலது பக்கம் ஓர் அம்மா தூங்கிவிட்டார். நடுவில் யோகேந்திரன் விழித்த கண்ணோடு தம் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீட்டு வாரைக் கட்டச் சொல்லும் விளக்கு அணைந்ததும் கழிவறைக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். நான்காவது தடவை விமானப் பணிப்பெண் தனியாகக் கூப்பிட்டு, வயிறு சரியில்லையா, மருந்து வேண்டுமா என்று கேட்டாள். கால்தான் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? மருந்தை வாங்கிக்கொண்டார்.

தாவாவில் இறங்கியபோது நல்ல வெயில். வெளியே வந்தவுடன் செம்பனை வாசம் அடித்தது. இது நம்ம ஊர்தான் என்று அவருக்கு ஒரே தைரியம். வரிசையில் முதலாவதாக நின்ற டாக்சிக்காரரிடம் போனார்.

"சண்டாக்கான்," என்றார், லுக்குட் போகணும் என்பதுபோல.

டாக்சிக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு தம் காரைப் பார்த்தார். "சண்டாக்கானா? ஜாவு, பாங்," என்றார், ரொம்பத் தூரம் அண்ணே என்று. "முந்நூறு கிலோமீட்டருக்கு மேலே. ரோட்டில் ஆறு மணி நேரம். இன்றைக்கு லீவு நெரிசல், லோரி வேறு, எட்டு மணி நேரம்கூட ஆகும்."

"ஒரே நெகிரிதானே?"

"பாங் எந்த நெகிரி?"

"நெகிரி செம்பிலான்."

"ஓ." டாக்சிக்காரர் கொஞ்சம் இரக்கத்தோடு தலையாட்டினார். "அதை எங்கள் நெகிரிக்குள் பத்துத் தடவை படுக்க வைக்கலாம்."

யோகேந்திரன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். தோடு இருந்தது. இப்போதே காரில் ஏறினாலும் போய்ச் சேர ஆறு, ஏழு ஆகிவிடும். மிஸி கிளம்பியிருப்பார். சன்னாசி சார் உட்கார்ந்து எழுந்திருப்பார். இல்லை, எழுந்திருக்கவே மாட்டார்.

"பஸ்?"

"காலையிலேயே போயாச்சு. ஒன்று செய்யுங்கள். சின்ன விமானம் இருக்கிறது, நாலு மணிக்கு. பறந்தால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. இடம் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம்."

முதலில் குமுதாவுக்குப் போன் செய்தார். அவள் எடுத்தவுடன் பின்னால் பாத்திரம் உருளும் சத்தம், கயல் எதையோ தட்டுகிற சத்தம், ஆட்கள் பேசுகிற சத்தம்.

"அண்ணே! எறங்கிட்டியா? இவரு காரெடுக்கட்டுமா?"

"எறங்கிட்டேன். தாவாவ்ல."

"தாவாவ்லயா? அங்க எதுக்குண்ணே போன?"

"பக்கம்னு நெனச்சேன் குமுதா."

கல்யாணத்தன்று அவர் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தபோது, மணவறையிலிருந்து ஒரு தடவை பார்த்தாளே, அதே பேசாமை. போன் கைமாறியது.

"மச்சான், பரவால்ல, விடுங்க," என்றார் தர்மேந்திரன். இந்தத் தடவை கிண்டல் இல்லை, அதுதான் குத்தியது. "சன்னாசி சாரு இருக்காரு. தோடும் இங்க கடையில ஒண்ணு வாங்கிக்கறோம். நீங்க அலையாதீங்க. ராத்திரி ஹோட்டல்ல தங்கிட்டு நாளைக்கு பஸ்ல வாங்க."

"மாப்ள, நாலு மணிக்கு ஒரு ப்ளேனு இருக்காம். வந்துர்றேன்."

"சீட்டு கெடைக்காது மச்சான், லீவு நேரம்."

"கெடைக்கும். தோடு வாங்காத."

போனை வைத்துவிட்டு உள்ளே ஓடினார். கவுண்டரில் நூருல் என்ற பெண் இருந்தாள், சட்டையில் பெயர் குத்தியிருந்தது. நான்கு மணி விமானம் நிரம்பிவிட்டது என்றாள். யோகேந்திரன் தமக்குத் தெரிந்த மலாயையெல்லாம் கொட்டினார். தங்கை, மருமகள், காது, மடி, மிஸி, நெகிரி செம்பிலான். கதை எவ்வளவு புரிந்ததோ, அவள் அவருடைய பெயரைக் காத்திருப்பவர்களில் மூன்றாவதாக எழுதிக்கொண்டாள்.

"யாராவது வராமல் போனால் கூப்பிடுவேன், பாங். ஒரு தடவைதான் கூப்பிடுவேன். பதில் இல்லையென்றால் அடுத்த ஆள். அதோ, அந்த நாற்காலியில் இருங்கள். எனக்குத் தெரிகிற மாதிரி."

"எவ்வளவு நேரம்?"

"மூடுகிற வரைக்கும். மூன்றரை போல."

அப்போது மணி பதினொன்று ஆகவில்லை.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். இரும்பு நாற்காலி, வரிசையாக நாலு, உட்காருகிற இடத்தில் ஓட்டை ஓட்டையாக. யோகேந்திரன் அதில் போய் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். கூரையில் விசிறிகள் எத்தனை என்று எண்ணினார், தப்பாக எண்ணினோமோ என்று மறுபடி எண்ணினார். வலது கால் ஆட ஆரம்பித்தது. அதை இடது காலால் மிதித்தார். இடது கால் ஆட ஆரம்பித்தது. பக்கத்தில் காத்திருப்போரில் இரண்டாவதாக இருந்த ஆள், நீலச் சட்டை, அடிக்கடி எழுந்து வெளியே போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். போகும்போதெல்லாம் யோகேந்திரனையும் வாருங்கள் என்று கண்ணால் கூப்பிட்டார். யோகேந்திரன் தலையை ஆட்டினார். சாப்பிடப் போகவில்லை. ரதி கொடுத்த முறுக்கு டின்னைத் திறந்து பாதியைக் காலி செய்தார். அது குமுதாவுக்குக் கொடுத்தது.

மத்தியானம் தாண்டியது. தூக்கம் வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை.

அப்போதுதான் கண்ணாடிக்கு வெளியே அந்த லோரி வந்தது.

சாமான் இறக்க வந்த லோரி. ரிவர்ஸ் எடுத்துப் பக்கத்துக் கட்டடத்தின் சந்துக்குள் நுழைய வேண்டும். டிரைவர் புது ஆள் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. ஸ்டியரிங்கைத் தப்பான பக்கம் ஒடித்தார். முன்னால் எடுத்தார், மறுபடி தப்பான பக்கம். பின்னால் ஒரு தூண், மயிரிழைதான் இடைவெளி. பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகேந்திரனுக்குக் கையெல்லாம் அரித்தது. ஒரே நிமிடம். வெளியே போய் இரண்டு கை காட்டினால் போதும், உள்ளே வந்துவிடும். "வலது ஒடி, வலது," என்று வாய்விட்டே சொன்னார். கவுண்டரைப் பார்த்தார். நூருல் யாருடைய பெட்டியையோ எடை போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கூப்பிட மாட்டாள். கண்டிப்பாகக் கூப்பிட மாட்டாள்.

பாதி எழுந்துவிட்டார்.

எழுந்த நிலையிலேயே சட்டைப் பையில் தோடு குத்தியது. தைக்கும்போது ரதி திருகாணியை வெளிப்பக்கம் விட்டிருக்க வேண்டும். அம்பாங்கான் மண்டபத்தின் பின்வாசல் ஞாபகம் வந்தது. அன்றைக்கும் ஒரே நிமிடம் என்றுதான் போனார்.

திரும்ப உட்கார்ந்தார். குனிந்து, இரண்டு சப்பாத்தின் கயிற்றையும் அவிழ்த்தார். வலது சப்பாத்துக் கயிற்றையும் இடது சப்பாத்துக் கயிற்றையும் சேர்த்து, தர்மராஜ் போட்டதைவிடப் பலமாக, நாலு முடிச்சுப் போட்டார். எதிரே இருந்த ஒரு சீனக் கிழவர் இதையெல்லாம் பார்த்துவிட்டு, மெதுவாகத் தம் பையை எடுத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

லோரி தூணில் இடித்தது. யோகேந்திரன் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

மூன்றரைக்கு நூருல் எழுந்து நின்று கூப்பிட ஆரம்பித்தாள். முதல் பெயருக்கு ஓர் அம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு போனார். இரண்டாவது பெயரைக் கூப்பிட்டாள். நீலச் சட்டை வெளியே புகை விட்டுக்கொண்டிருந்தார். நூருல் சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள்.

"கடைசி ஒரு இடம். யோகேந்திரன்!"

"ஆடா! ஆடா!" இருக்கிறேன், இருக்கிறேன் என்று மலாயில் கத்திக்கொண்டு யோகேந்திரன் எழுந்தார். எழுந்த வேகத்தில் குப்புற விழுந்தார். முடிச்சை அவிழ்க்க நேரமில்லை. எழுந்து, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, தோட்டத்துப் பள்ளி விளையாட்டுப் போட்டியில் சாக்கு ஓட்டம் ஓடுகிற மாதிரி, தொப் தொப்பென்று குதித்துக்கொண்டே கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தார்.

நூருல் எட்டிக் காலைப் பார்த்தாள். "ஏன் பாங்?"

"புதுச் சப்பாத்து," என்றார் யோகேந்திரன், மூச்சிரைக்க.

சின்ன விமானம்தான். இறக்கைக்குக் கீழே விசிறி சுற்றுகிற வகை. கடைசி இடம் ஜன்னலோரத்தில் இருந்தது. மேலே ஏறியதும் கீழே செம்பனை. ஊரில் லோரியிலிருந்து பார்த்தால் ஒரு மரத்துக்குப் பின்னால் இன்னொரு மரம், ஒரு நிரைக்குப் பின்னால் இன்னொரு நிரை, ஒரு மூலை திரும்பினால் தோட்டம் முடிந்து ரோடு வந்துவிடும். இங்கே மூலையே வரவில்லை. முடிந்துவிடும், இதோ முடிந்துவிடும் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். நடுவில் பழுப்பாக ஒரு ஆறு வளைந்து வளைந்து போனது, அதற்கப்புறமும் செம்பனை. மதார் மைதீன் கடையில் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் இவ்வளவும் இருந்திருக்கிறது.

முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று பைலட் சொன்னார். கயிற்று முடிச்சை அவிழ்க்கவே பாதி நேரம் போய்விட்டது. அவிழ்த்துவிட்டு ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டார். குமுதா பிள்ளை பெற்றபோது, இங்கேதான், இந்த மரங்களுக்கு அந்தப் பக்கம், யாரும் இல்லாமல் பெற்றாள். அப்போது அவர் போனில், "நல்லா இரு, ப்ளேன்ல ரெண்டே முக்கால் மணி நேரம்தான, வந்துர்றேன்" என்றார். அவளும் சரிண்ணே என்றாள். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதால்தான் போகாமலே இருந்தார். ஆறு மணி நேரம் ரோட்டில் போக வேண்டிய ஊர் என்றால் என்றைக்கோ லோரியை எடுத்திருப்பார்.

ஏறுவதற்கு முன் போனில் சொல்லியிருந்தபடி, சண்டாக்கானில் தர்மேந்திரன் காரோடு நின்றார். யோகேந்திரனின் சட்டை கசங்கி, முழங்காலில் அழுக்கு, கையில் பாதி முறுக்கு டின்.

"என்னா மச்சான், நடந்தே வந்தீங்களா?"

"பேசாம ஓட்டு மாப்ள. மிஸி இருக்காங்களா?"

"இருக்காங்க. சன்னாசி சாரும் இருக்காரு. பாயில ஒக்காந்து ரொம்ப நேரமாச்சு."

வீட்டு வாசலில் சப்பாத்தை உதறிவிட்டு யோகேந்திரன் உள்ளே போனார். கூடம் நிறைய ஆட்கள். மிஸி சீருடையோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நடுவில் பாயில், நல்ல பருமனான ஒரு மனிதர், சம்மணம் போட்டு, கோயில் தூண் மாதிரி அசையாமல் அமர்ந்திருந்தார். அவரைப் பார்த்தவுடன் யோகேந்திரனுக்கே ஒரு மரியாதை வந்துவிட்டது.

"வாங்க தம்பி," என்றார் சன்னாசி சார். "ஒங்க எடத்தச் சூடு பண்ணி வச்சிருக்கேன்." இரண்டு பேர் கைகொடுத்து அவரைத் தூக்கினார்கள்.

குமுதா கயலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அண்ணனைப் பார்த்தாள். குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு, அவருடைய சட்டைப் பையின் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்துத் தோட்டை எடுத்தாள். அப்போது அவளுடைய நெற்றி அவர் தோளில் ஒரு நொடி சாய்ந்தது, தையலுக்காகத்தானோ என்னவோ.

ஒரு காது குத்தும்போது கயல் திகைத்துப் போனாள். இரண்டாவது காதுக்கு வீடே அதிர்கிற மாதிரி கத்தினாள், யோகேந்திரனின் கட்டைவிரலைப் பிடித்துக் கடித்தாள். அவர் அசையவில்லை. மிஸி பஞ்சை வைத்துத் துடைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினார். படம் எடுத்தார்கள். நடுவில் யோகேந்திரன். ஆறுமுகம் யாரும் இல்லை.

அழுது அழுது கயல் அவர் மடியிலேயே தூங்கிவிட்டாள். எல்லாரும் சாப்பிட எழுந்தார்கள். யோகேந்திரனுக்கு ஒரு கால் மரத்துப்போய்விட்டது, மற்றக் காலில் எறும்பு ஊர்ந்தது.

"அண்ணே, புள்ளைய இப்படிக் குடு. எந்திரிச்சு சாப்புடு, மத்தியானமும் சாப்பிட்டிருக்க மாட்ட."

"இரு, இப்பத்தான் தூங்குது."

தர்மேந்திரன் தட்டோடு எதிரே வந்து உட்கார்ந்தார். மச்சானை மேலும் கீழுமாகப் பார்த்தார். "நாலு நாள் இருப்பீங்கல்ல மச்சான்?"

"நாளன்னைக்கு மத்தியானம் ப்ளேனு, மாப்ள."

"சரி, ஏர்போட்டுல நானே விடுறேன். பத்து நிமிசம்தான்."

யோகேந்திரன் குழந்தையின் காதிலிருந்த தோட்டைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அது தாவாவ்லேருந்து."

தர்மேந்திரன் வாயில் வைத்த சோற்றை விழுங்க முடியாமல் இருமினார். குமுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "ஆறு மணி நேரம் பஸ்ஸுண்ணே. விடிகாலைல ஏறணும். ஒக்காந்துக்கிட்டே போவணும்."

"ஒக்காந்தா போச்சு," என்றார் யோகேந்திரன், மரத்த காலை ஒரு அங்குலம்கூட நகர்த்தாமல்.